வெள்ளைக்கரட்டுக்கு ரயில் ஓடும்

உலகத்தில் ரயில் என்று ஒன்று ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வராத, ஒரு மாட்டைக்கூட இடிக்காத, ஒரு பயணியின் பெட்டியைக்கூடத் தொலைக்காத பாதை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஜப்பானில் இல்லை. ஸ்விட்சர்லாந்திலும் இல்லை. மதுரைக்குத் தென்மேற்கே, நாகமலை அடிவாரத்தில் தொடங்கி, பேரையூர்ப் பக்கம் வெள்ளைக்கரடு என்ற சிற்றூரில் முடிகிற நாற்பத்தொரு கிலோமீட்டர் கிளைப்பாதை அது. நூறாண்டுச் சேவையில் அதன்மேல் ஒரு புகார் கிடையாது. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று யாரும் சங்கிலியைப் பிடித்து இழுத்ததில்லை. சன்னலோர இருக்கைக்காக ஒரு கைகலப்பு நடந்ததில்லை. இத்தனை பெருமைக்கும் காரணம் மிக எளிது. அந்தப் பாதையை இன்னும் போடவில்லை.

போடவில்லை என்றதும் வாசகர்கள் அவசரப்பட்டு முகத்தைச் சுளிக்கக் கூடாது. போட்ட பாதையைப் பராமரிக்க யாராலும் முடியும். போடாத பாதையைப் பராமரிப்பதற்குத்தான் நிர்வாகத் திறமை வேண்டும். அதற்கென்றே மதுரை நகருக்குள் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் 'கிளைப்பாதைப் பராமரிப்பு வட்ட அலுவலகம்' இயங்கிவருகிறது. பதினேழு ஊழியர்கள். ஒரு வட்ட அலுவலர். சுவரில் ஐந்தடி அகலத்துக்குப் பாதையின் வரைபடம். அதில் ஒன்பது நிலையங்கள், மூன்று பாலங்கள், ஆறு கேட்டுகள். ஆண்டுதோறும் ஆயுதபூஜைக்கு அந்த வரைபடத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ஓடாத ரயிலுக்குப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். கண்ணேறு படக்கூடாது அல்லவா.

இந்தப் பாதையின் வரலாறு ஒரு கல்லில் தொடங்குகிறது. நூறாண்டுக்கு முன்பு ஒரு மாசி மாதத்தில் வெள்ளைக்கரட்டில் பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, அன்றைய பெரிய மனிதர் ஒருவர் அடிக்கல் நாட்டினார். கல்லில் 'இவ்வழியே ரயில் வண்டி ஓடும்' என்று செதுக்கினார்கள். நாட்டிய கையோடு எல்லோரும் விருந்து சாப்பிட்டுவிட்டு மாட்டுவண்டியில் ஊர் திரும்பினார்கள். பிறகு யுத்தம் வந்தது. இரும்பெல்லாம் அங்கே போயிற்று. யுத்தம் முடிந்து சுதந்திரம் வந்தது. எல்லோரும் கொடியேற்றப் போய்விட்டார்கள். அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை சங்கிலியும் குச்சியுமாக ஆட்கள் வந்து அளந்தார்கள். அளந்த அளவுகள் எல்லாம் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இங்கே தமிழ் இலக்கணத்தின் கருணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'ஓடும்' என்ற ஒரே சொல் நாளைக்கு ஓடப்போவதையும் சொல்லும். தினந்தோறும் ஓடிக்கொண்டிருப்பதையும் சொல்லும். வைகையில் தண்ணீர் ஓடும் என்று மதுரைக்காரர்கள் சொல்லும்போது எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று யாரும் தோண்டித் துருவிக் கேட்பதில்லை. நூறாண்டுக்கு முன் கல்லில் ஏறிய 'ஓடும்' அப்படியே பதிவேட்டிலும் ஏறிற்று. எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் யாரையும் தொந்தரவு செய்யாமல் அங்கேயே படுத்துக் கிடந்தது. பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிற காலம் வந்தபோதுதான் அதை எழுப்பினார்கள்.

கணினிக்கு இலக்கணம் தெரியாது. 'பாதையின் தற்போதைய நிலை' என்று கேட்டுவிட்டு, 'ஓடுகிறது', 'ஓடவில்லை' என்று இரண்டே கட்டங்களைக் காட்டியது. 'ஓடும்' என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தட்டச்சு செய்தவருக்குக் குழப்பம். தலைமை எழுத்தர் சிவனாண்டியிடம் போய்க் கேட்டார். சிவனாண்டி அந்த அலுவலகத்தில் வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, தண்டவாளத்தைக் கண்ணால் காணாமலேயே படிப்படியாகத் தலைமை எழுத்தர் ஆனவர். அனுபவசாலி. சற்று யோசித்து அவர் சொன்ன தீர்ப்பு அந்த அலுவலகத்தில் இன்றும் மேற்கோளாக வழங்குகிறது.

"ஒரு கடிகாரத்தக் காட்டி, இது ஓடுமான்னு கேக்குறோம். ஓடும்னு சொன்னா என்ன அர்த்தம்? ஓடுதுன்னுதான அர்த்தம். போட்டுவிடு."

போட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பிற்பகல் மூன்றரை மணி முதல் நாகமலையிலிருந்து வெள்ளைக்கரடு வரை ரயில் ஓடுகிறது.

அந்த ரயில் முத்துமீனாவின் பதினோரு சென்ட் நிலத்தின் நடுவே ஓடியது.

முத்துமீனா வெள்ளைக்கரடு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். காலம் முழுவதும் அடுத்தவர் காட்டில் களையெடுத்த அவளுடைய அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிலம் அது. அவருக்குப் பின் பட்டா அவள் பேருக்கு வந்தது. அவளும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் கணவன் மருதுவும் பேரையூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அப்பாவின் படம் அரிசி வாளியின் மூடிமேல் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அவரைத் தூக்கி வைத்துவிட்டு எடுக்க வேண்டியிருந்தது. தன் வம்சத்தில் சொந்தச் சுவரில் ஆணி அடித்த முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு வீடு கட்ட அனுமதி கேட்டாள். 'தங்கள் நிலத்தின் ஊடே ரயில் ஓடுவதால், கிளைப்பாதைப் பராமரிப்பு வட்ட அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று வரவும்' என்று பதில் வந்தது. அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு நிலத்துக்குப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

"எங்க சார் ஓடுது ரயிலு? எங்க நெலத்துல ஓணானுதான் ஓடுது."

சிவனாண்டி அவளை உட்காரச் சொன்னார். அவர் மனிதாபிமானம் உள்ளவர். அவள் சொல்வதை முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து, அவள் நியாயத்தையும் அலுவலகத்தின் நியாயத்தையும் தராசில் வைத்தது மாதிரி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பேசினார்.

"ஏம்மா, ஓடலைன்னு நீ சொல்ற. ஓடுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஒனக்கு வீடு ஒண்ணுதான் கட்டணும். அதுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் ஒனக்கு இருக்கு. கம்ப்யூட்டருக்கு என்ன அவசியம் இருக்கு, சொல்லு."

முத்துமீனா ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் மறுபடி போனாள். ரயில் ஓடவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். கைப்பேசியில் நிலத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். முள்ளும் கல்லும் ஓர் ஆடும் இருந்த படம். சிவனாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். காலை பத்து இருபதுக்கு ரயில் இல்லை என்பதைத்தான் இந்தப் படம் காட்டுகிறது, பத்தரைக்கு வந்திருக்கலாமே என்றார். தண்டவாளமே இல்லையே சார் என்றாள் அவள். தண்டவாளம் வேறு பிரிவு, நாங்கள் ஓட்டத்தை மட்டும்தான் பார்க்கிறோம் என்றார் அவர்.

அப்புறம் ஒரு நாள் மருது ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாக நிலத்தில் உட்கார்ந்து, சூரியன் கிளம்பியதிலிருந்து அடையும்வரை வீடியோ எடுத்தான். இரண்டு ஆட்டு மந்தை, ஒரு கீரி, மகனுக்குப் பெண் பார்க்கப் போன ஒரு குடும்பம் ஆகியவை அந்தப் பாதையைக் கடந்தன. ரயில் கடக்கவில்லை. அந்த வீடியோவை வட்ட அலுவலர் சூரியபிரகாஷ் தாமே பார்வையிட்டார். புதிதாகப் பொறுப்பேற்றவர். முப்பத்தாறு வயது. ஆங்கிலத்தில் தயங்காமலும் தமிழில் யோசித்தும் பேசுகிறவர். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட விட்டுப் பார்த்தும் ரயில் வராததால் அவர் முகம் வாடிவிட்டது.

"அன்னைக்கு ட்ரெய்ன் லேட்" என்றார்.

பதிவேட்டில் அப்படியே பதிந்தார்கள். நூறாண்டில் அந்தப் பாதையின்மேல் விழுந்த முதல் தாமதக் குறி அது. இரண்டு நாள் கழித்து அதைச் 'சமிக்ஞைக் கோளாறு' என்று திருத்தி, சேவையின் பெருமைக்குக் களங்கம் வராமல் காப்பாற்றினார்கள். அந்த இரண்டு நாட்களும் சிவனாண்டி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து பாதைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாளே என்ற வருத்தம் அவருக்கு. ஆனாலும் அவளுடைய மனுவை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுக்க அவர் மறந்ததில்லை. மனுவை வாங்கினோம் என்பதற்கான அத்தாட்சி அது. தேதி, முத்திரை, கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இப்படியே வருடங்கள் போயின. போன வருடம் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் முத்துமீனாவின் பெயர் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் சுவர் எழும்பியாக வேண்டும்; இல்லையென்றால் ஆணை ரத்து. அவளும் மருதுவும் அவசர அவசரமாக அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கடைக்கால் போட்டார்கள். எட்டாம் நாள், 'ஓடும் ரயில் பாதையின்மீது வீடு கட்டுவது தங்கள் உயிருக்கும் பயணிகள் உயிருக்கும் ஆபத்தாகும்' என்று வேலையை நிறுத்தும் கடிதம் வந்தது. சான்று இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட இனி எடுத்து வைக்கக் கூடாது. கடைக்காலில் மழைத் தண்ணீர் தேங்கி, தவளை கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் பாதைக்கு நூறு வயது நிறைந்தது.

சூரியபிரகாஷ் ஒரு கூட்டம் கூட்டினார். நூற்றாண்டு விழாக் குழு, துணைக் குழு, துணைக் குழுவை மேற்பார்வையிடும் குழு என்று மூன்று அமைத்தார். விழாவுக்கு 'நூறாண்டு – நில்லாப் பயணம்' என்று பெயர் சூட்டினார்கள். கிளம்பினால்தானே நிற்பதற்கு என்று மூலையிலிருந்து யாரோ சொன்னார்கள். அது நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. செல்ஃபி எடுத்துக்கொள்ள அட்டையில் ஓர் இன்ஜின் செய்வது என்றும், பயணிகளுக்கு ஒரு செயலி வெளியிடுவது என்றும் தீர்மானம் ஆயிற்று. அந்தச் செயலியைத் திறந்தால் 'உங்கள் ரயில் வந்துகொண்டிருக்கிறது' என்று வரும். அதற்குமேல் எதுவும் வராது. விழா மேடையிலிருந்து பச்சைக்கொடி அசைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, எதைப் பார்த்து அசைப்பது என்பதில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் மேற்குத் திசையைப் பார்த்து அசைப்பது என்றும், அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ரயில் சத்தம் போடுவது என்றும் முடிவாயிற்று.

விழாவின் மகுடமாகப் பாதையின் முழு வரலாற்றை நூலாக வெளியிட நினைத்தார்கள். எழுத ஒப்புக்கொண்டவர் தமிழ்மாறன். நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறைக் கௌரவ விரிவுரையாளர். அதாவது கௌரவம் மட்டும் நிரந்தரமாக உள்ளவர். நூல் வந்தால் வேலை நிரந்தரமாகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டார். 'கரிசலில் ஒரு கனவு', 'பாலங்கள் கண்ட பாதை', 'காலைப் பாசஞ்சரும் மக்கள் வாழ்வும்' என்று அத்தியாயங்கள் ஒன்றையொன்று முந்தின. 'பயணியர் நினைவுகள்' என்ற அத்தியாயத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. அதற்கு ஒரு பயணி வேண்டும்.

பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். ஒத்தக்கடையிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயதில் போனேன், மலையெல்லாம் தெரிந்தது, அருமையான காற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். விசாரித்ததில் அவர் போனது போடி ரயிலில் என்று தெரிந்தது. சூரியபிரகாஷ் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது சிவனாண்டிக்குத்தான் யோசனை தோன்றியது. அந்தப் பாதைக்காக இத்தனை தடவை அலைந்தவள் முத்துமீனாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்றார் அவர். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் சிவனாண்டியே வெள்ளைக்கரடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். முத்துமீனா சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்தில் அவர் அவளைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை என்பதால் அவள் பயந்துபோனாள். அவர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மேடையில ரெண்டே வார்த்தை, தாயி. நான் இந்த ரயில்ல ஏறுனேன், போனேன். அம்புட்டுதான். ஒன் ஃபைல்ல ஐயா அங்கனயே கையெழுத்துப் போட்டுருவாரு."

"போகாத ரயில்ல போனேன்னா சார்?"

"எல்லாரும் ஒன்னையப் பாத்துக் கைதட்டுவாங்க. ஒனக்கும் வீடு வந்துரும். இதுல யாருக்கு என்ன நட்டம், சொல்லு."

ரயில் ஓடவில்லை என்று சொல்லித்தான் ஒன்பது வருடம் செருப்புத் தேய்ந்தது. இப்போது ஓடியது என்று சொன்னால் ஓடவில்லை என்று சான்று கொடுப்பார்களாம். எப்படி யோசித்தாலும் அது அவள் புத்திக்கு எட்டவில்லை. மருதுவிடம் சொன்னாள். அவன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டான். மார்ச் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினான். மேடையேறிப் பொய் சொல்ல வாய் கூசுகிறது என்றாள் அவள்.

"இந்தா பாரு மீனா. அவுங்க நூறு வருசமா சொல்லிக்கிருக்காங்க. நீ ஒரு நிமிசம் சொல்லிட்டு எறங்கி வா."

அதற்குமேல் அவளுக்கும் வாதாடத் தெம்பில்லை. சரி என்றாள்.

நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் விழா சிறப்பாக நடந்தது. வரவேற்பில் அட்டை இன்ஜின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மேற்குத் திசையைப் பார்த்துக் கொடியசைத்தார்கள். ஒலிபெருக்கியில் ரயில் கிளம்பி, கூவி, தூரத்தில் மறைந்தது. சிலர் எழுந்து நின்று கையசைத்தார்கள். பிறகு 'நம் பாதையின் அன்புப் பயணி' என்று முத்துமீனாவை மேடைக்கு அழைத்தார்கள்.

கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தமிழ்மாறன் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. 'புகைவண்டிப் பயணத்தின் பேரின்பத்தை எங்ஙனம் நான் விளம்புவேன்' என்று தொடங்கியது அது. முதல் வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளை மடக்கி இடுப்பில் செருகிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள். கூட்டத்தைப் பார்க்காமல் எதிரே சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த ரயில்ல நான் ஏறுனேன். சன்னலோரமா உக்காந்தேன். காத்து நல்லா அடிச்சுச்சு." அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். சிவனாண்டி சொன்னது அவ்வளவுதான். ஆனால் பொய் என்று வந்துவிட்ட பிறகு அதில் தனக்கு வேண்டியதையும் கொஞ்சம் போட்டுக்கொள்ள மனம் ஆசைப்பட்டுவிட்டது. "எங்க வீட்டு வாசல்லயே எறங்குனேன்" என்றாள். அந்த வாசலை ஒன்பது வருடமாக மனதுக்குள் கட்டிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். வேறு எங்கே இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சூரியபிரகாஷ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, பிளாஸ்டிக் இன்ஜின் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஃபைலை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொன்னார்கள். உத்தரவு தபாலில் வரும் என்றார்கள். அவள் நம்பினாள். அவ்வளவு பேர் முன்னால் பொய் சொன்னது தான் மட்டும்தான் என்று நினைத்து, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தாள்.

உத்தரவு மார்ச் முப்பதாம் தேதி பதிவுத் தபாலில் வந்தது. அலுவலகத் தமிழின் உச்சம் என்று சொல்லத்தக்க அந்த ஆவணத்தின் முக்கியப் பகுதி வருமாறு:

'மனுதாரர் இப்பாதையில் பயணம் செய்ததோடு, தம் வீட்டு வாசலிலேயே இறங்கியதாகவும் பொதுமேடையில் வாக்குமூலம் அளித்துள்ளார். இதனால் மேற்படி நிலத்தின் ஊடே ரயில் ஓடுவது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்படுகிறது. எனவே ஆட்சேபணையின்மைச் சான்று கோரும் மனு நிராகரிக்கப்படுகிறது. மேலும், நிலையம் அல்லாத இடத்தில் இறங்கியது விதிமீறல் ஆகும். மனுதாரர் தமது பயணச்சீட்டை ஏழு நாட்களுக்குள் நேரில் காட்டத் தவறினால் சீட்டின்றிப் பயணித்தவராகக் கருதப்படுவார்.'

மருது அதை உரக்கப் படித்தான். தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் மார்ச் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் வீட்டு ஆணை ரத்தானது. முத்துமீனா அன்று பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். ஒரு பிள்ளையும் புகார் சொல்லவில்லை.

உத்தரவு வந்த ஆறாம் நாள் அவள் மதுரைக்குக் கிளம்பினாள். மருது தானும் வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு ஜவுளிக்கடைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

வட்ட அலுவலகத்தில் விசாரணைக்கென்று மேசைமேல் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். சூரியபிரகாஷ் நடுவில், சிவனாண்டி வலப்பக்கம். வரலாற்றுச் சம்பவம் என்பதால் தமிழ்மாறனையும் குறிப்பெடுக்க அழைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"டிக்கெட் இருக்காம்மா?" என்றார் சூரியபிரகாஷ்.

"இருக்கு சார்" என்றாள் அவள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அவள் பையை மேசைமேல் கவிழ்த்தாள். சீட்டுகள் சரிந்து விழுந்தன. வெள்ளைச் சீட்டு, மஞ்சள் சீட்டு, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன சீட்டு, மழையில் நனைந்து மை ஊறிய சீட்டு. எல்லாம் ஒப்புகைச் சீட்டுகள். சிவனாண்டி வழக்கம்போலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தேதி இருந்தது. முத்திரை இருந்தது. கையொப்பம் இருந்தது. அத்தனையும் அவருடைய கையொப்பம்தான். பாதிக்குமேல் அவரால் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

முத்துமீனா குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு மேடையில சொன்னது பொய்யி சார். நீங்க கேட்டீங்க, சொன்னேன். நெசம் என்னன்னா, நான் ஏறுனது இந்த மாடிப்படியிலதான். ஒம்பது வருசமா ஏறிக்கிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இவரு கையால சீட்டு வாங்கியிருக்கேன். சீட்டு இல்லாம ஒரு நாளும் வரல. அடுத்த மாசம் வா, அடுத்த மாசம் வான்னு நீங்கதான் ஓட்டிக்கிருக்கீங்க. ஒங்க ரயிலு ஓடலைன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன் சார். நல்லா ஓடுது. என் மேலதான் ஓடுது."

சிவனாண்டி சிதறிக் கிடந்த சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். தமிழ்மாறன் எழுதுவதை நிறுத்தியிருந்தார். சூரியபிரகாஷ் மட்டும் நிலைமையை உடனே சமாளித்தார். நிர்வாகத் திறமை என்பது அதுதான். சீட்டுகளின்மேல் உள்ள தேதியும் முத்திரையும் சரியாக இருப்பதால் மனுதாரர் முறையான சீட்டுடன் பயணித்தவர் என்றே கருதப்படுகிறார், அவர்மேல் நடவடிக்கை தேவையில்லை, விசாரணை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அப்ப என் வீடு, சார்?" என்று முத்துமீனா கேட்டாள்.

அது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார் சூரியபிரகாஷ். புதிதாக ஒரு மனு எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பதாகவும் சொன்னார். அவள் அங்கேயே நின்று மனு எழுதினாள். வேறு என்ன செய்வாள்? சிவனாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். முத்திரை கோணலாக விழுந்திருந்தது.

வரலாற்று நூல் அந்த ஆண்டே இரண்டாம் பதிப்புக் கண்டது. முதல் பதிப்பில் பயணியர் பற்றிய புள்ளிவிவரம் இல்லை என்பது அதில் இருந்த ஒரே குறை. தமிழ்மாறன் ஆதாரங்களோடு அதை நிறைவுசெய்து அட்டவணையாக அனுப்பினார். ஒரு பாதைக்குப் புள்ளிவிவரம்தானே அழகு என்று மகிழ்ந்து, சூரியபிரகாஷ் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதற்கு ஒப்புதல் அளித்தார். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அதைக் காணலாம்:

'நாகமலை – வெள்ளைக்கரடு கிளைப்பாதை. தொடக்கம் முதல் இன்றுவரை ஏறியவர்: ஒருவர். இறங்கியவர்: இல்லை.'